ரவி அண்ணை அராவிய ட்ரிக்கர்

மார்ச் 14, சனி

முதலிலேயே துப்பாக்கி திருத்துபவரிடம் போயிருக்க வேண்டும். கார் கராஜ் வைத்திருக்கும் ரவி அண்ணை, "உதுக்கேன் வெள்ளையனிட்டப் போறாய்? நான் தேய்ச்சுத் தாறன்" என்று என் ஷொட்கனில் இறுகியிருந்த ட்ரிக்கரின் கொக்கியை அராவினார். எஞ்சினியர் நான், டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று துப்பாக்கி சுடும் கிளப்பில் தோட்டா போட்டு மூடியதும் ஷொட்கன் தானாக வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் படவில்லை. திருத்துபவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதைச் செய்தவன் வேறு துப்பாக்கி எதையும் தொட்டானா?" என்று கேட்டார்.

தொட்டிருக்கிறார். தன்னுடையதையும் அப்படியேதான் அராவினார். நாளை காலை மகளோடு சுடப் போகிறார்.

போன் எடுத்துச் சொன்னேன். "என்ர நல்லாத்தான் வேலை செய்யுது. பயந்தாங்கொள்ளி, போய்ப் படடா!" என்று சிரித்துவிட்டு வைத்தார். பிறகு எடுக்கவேயில்லை.

அவர் வீடு இருக்கும் கிங்ஸ்பரிக்கு இந்த நேரத்திலும் ரயில் இருக்கிறது. அவர் கேட்காவிட்டால் அவர் மனைவியிடமே சொல்லுவேன். பிறகு என்னோடு பேசாமல் இருக்கட்டும்.