இறக்கத்தில் நிறுத்திய லாரி

பிரிட்டிஷ் கொலம்பியா

அன்புள்ள அம்மாவுக்கு மோராக் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அங்கே நம் கேப் பிரெட்டனில் பனி விழுந்துவிட்டதா? நான் நலம்.

செவ்வாய் காலை, பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் எனக்கு வாகனங்களைச் சோதிக்கும் போலீஸ் பணி. மரம் ஏற்றி வந்த லாரியில் பிரேக் கருகிய வாடை அடித்தது. நிறுத்தி, சாவியை வாங்கிக்கொண்டேன். பின்னால் காரில் வந்த லாரி முதலாளி ஹால்வர்சன் பாய்ந்து வந்தார்.

"வேலைக்கு வந்து நாலு மாசம் ஆகல, எனக்கே ரூல் பேசுறியா? உன் சார்ஜென்ட் என்கூட மீன் பிடிக்கிறவன்!"

அவர் உடனே சார்ஜென்டுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்; சார்ஜென்டும், "விட்டுடும்மா" என்றார். ஆனாலும் நான் சாவியைத் தரவில்லை.

நான் வரவழைத்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார். "ஆறு சக்கரத்துல பிரேக்கே இல்ல. இறங்கியிருந்தா பள்ளிக்கூடத்துக்குள்ளதான் நின்னிருக்கும்!"

டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வேலை போயிடும்னு பயந்து ஓட்டினேம்மா. என் பொண்ணு அங்கதான் படிக்கிறா."

மறுநாள் ஸ்டேஷனில் எல்லோர் முன்னிலையிலும் சார்ஜென்ட் சொன்னார்: "தப்பு என்மேலதான். ஹால்வர்சனோட மத்த வண்டிங்களையும் நீயே பாரு."

இன்று மூன்றைப் பிடித்துவிட்டேன், அம்மா!

ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. ஞாயிறன்று சமையலறையிலிருந்தே போனில் பேசு, கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

நாலாவது லாரி வருகிறது, போகிறேன்.

உன் மகள்,
மோராக்