தகரத்தை யார் திரும்ப ஏற்றினார்கள்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டி, வரவில்லை. மாவு அரைக்கணும், காஸ் பதியணும். இரண்டும் நடக்கவில்லை.

தோழி வசந்தியின் இணைய இதழுக்கு விமர்சனம் அனுப்பியாயிற்று. சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன், ஏதாவது ஒரு எபிசோடு என்றாள். எனக்கு 'காயலான் கப்பல்'தான். விண்வெளியில் பழைய இரும்பு பொறுக்கும் ஆறு பேர். அவர்களுக்குச் சமைத்துப்போட, வாய் ஓயாத தகரம் என்ற ரோபோ. பாரம் தாங்காமல் கப்பல் கிளம்ப மறுக்க, தகரத்தைத் துருக் கிரகத்தில் இறக்கிவிட்டுப் போகும் எபிசோடு. கடைசியில் கேப்டன் தன் சிம்மாசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பி வந்து தகரத்தை ஏற்றிக்கொள்வார். 'இப்படி முடிக்க இன்று ஆளில்லை' என்று எழுதினேன். கொஞ்சம் கர்வம்தான்.

ஜூலை 11, வெள்ளி

புதுவாயல் வரை பஸ்ஸில் நின்றே. கால் வலி.

வசந்தி போன். "நீ எந்த எபிசோடுடி பார்த்த? கேப்டன் திரும்பி வரவே இல்லையே!"

லிங்க் அனுப்பினாள். பார்த்தேன். வரவில்லை. தகரம் தினமும் ஆறு தட்டு எடுத்து வைக்கிறது. "ஆறிப்போகுது, எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" என்று வானத்தைப் பார்த்துத் திட்டுகிறது. சிரிப்புச் சத்தம். முடிந்தது.

அப்புறம்தான் உறைத்தது. நான் ஒரு எபிசோடைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஞாயிறு ஒன்றரை முதல் இரண்டே கால் வரை, பக்கத்து வீட்டு மேரி அக்காவின் டிவி. இரண்டுக்கு ரோலிங் மில் சைரன். அப்பா முதல் ஷிப்ட் முடித்து வருவார். அம்மா இல்லாத வீடு. சைரன் கேட்டதும் சோறு போட நான் எழுந்து ஓடுவேன். தம்பி பாபு உட்கார்ந்தே இருப்பான். முடிவை அவன் வந்து சொல்வான், குழாயடியில், கையை ஆட்டி ஆட்டி.

ஜூலை 12, சனி

வேலையில் மனசில்லை.

அப்பா போனபோதும் நான் இல்லை. மாத்திரை வாங்கப் போயிருந்தேன். பாபுதான் பக்கத்தில். "உன் பேர சொல்லிக்கினே போனாருக்கா" என்றான். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அதுவும் குழாயடிக் கதையா?

ஜூலை 13, ஞாயிறு

புதுவாயல் தாண்டி ஆரணி. பாபு வீடு. நல்ல வெயில். அவன் மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே தகரம் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குப் புரையேறிவிட்டது.

"இன்னாக்கா, இவ்ளோ வருசம் கழிச்சா கண்டுபுடிச்ச? தகரத்த வுட்டுட்டாங்கோன்னு அன்னிக்கி நீ அழுதுக்கினே ஓடுன. கண்ணீரு வுழுந்து அப்பா சோத்துல உப்பு ஜாஸ்தியாப்பூடுமேன்னு, கேப்டன் திரும்பி வந்துட்டாருன்னு சொன்னேன்."

"எல்லா எபிசோடுமேவாடா?"

"பாதிக்கு மேல."

அவன் மனைவி சிரித்தாள். "என்னாண்டயும் இப்டித்தான் அண்ணி அளந்துக்கினு இருக்காரு."

கை கழுவும்போது கேட்டுவிட்டேன். "அப்பா சொன்னது?"

குழாயை மூடவில்லை அவன். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"பேரெல்லாம் சொல்லலக்கா. 'சைரன் ஊதிடுச்சாடா? அவ சோறு போட்டு வெச்சிருப்பா, ஊட்டுக்குப் போலாம்'னாரு. அவ்ளோதான். பசியோட போனாருன்னு நீ மருகுவியேன்னுதான்..."

அந்த மில் மூடி எத்தனையோ வருடம். சைரனும் இல்லை.

குழாயை மூடினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். சோழவரம் வரும்வரை அழுகை. மருகி அல்ல; கடைசியிலும் அவர் என் சோற்றைத்தான் தேடியிருக்கிறார்.

ஜூலை 14, திங்கள்

தூறல். காஸ் பதிந்தேன்.

விமர்சனத்தைத் திருத்தினேன். தகரம் ஆறு தட்டு வைக்கிறது, ஆறிப்போகுது என்று திட்டுகிறது. அதோடு நிறுத்தினேன். பாபுவின் முடிவையும் தனியாகக் கீழே சேர்த்தேன்.

வசந்தி போன். "ரெண்டாவது முடிவு யாரு எழுதினது? பேர் போடணும்ல?"

"என் தம்பி. வயசு பத்துன்னு போடு."