ஜனவரியில் சேர்த்த வகுப்பு

போதும் அண்ணை, இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

நீங்கள் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு உங்கள் விம்பிள்டன் வீட்டுக்கு வந்த சனம், முன்னறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஜப்பானியச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றது. "அண்ணையின்ர பட்டமோ?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை, தம்பியின்ர. இவர்தான் அவனை அங்க படிப்பிச்சவர்," என்றா அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, "முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அதைப்பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாரும்," என்றா.

அது பட்டமல்ல. நடுநிலைப் பள்ளி முடித்ததற்கான தாள். அதுவும் இரண்டு மாதம் இருந்து முடித்தது.

நீங்கள் அப்போது ஜப்பானில் ஆராய்ச்சி மாணவர். ஊரில் சண்டை. என்னைக் கூப்பிட்டு எடுத்தீர்கள். அந்த நன்றியிலேயே என் கழுத்து வளைந்துபோயிற்று. ஜனவரியில் வந்து இறங்கினேன். "வருஷத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டேன்" என்று அம்மாவுக்கு எழுதினீர்கள். எங்கள் ஊரில்தான் ஜனவரியில் வகுப்புத் தொடங்கும். அங்கே ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். எனக்குப் பதினைந்து வயது என்பதால் நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில், கடைசி ஆண்டின் கடைசித் தவணையில், உட்காரவைத்தார்கள்.

ஒரு வகுப்புக் கீழே விடலாமா என்று வகுப்பாசிரியர் தன்மையாகத்தான் கேட்டார். அப்படி விட்டிருந்தால் ஏப்ரலில் மூன்றாம் ஆண்டை முதலிலிருந்து படித்திருப்பேன். வெளியே வந்த பிறகுதான் அதை என்னிடம் சொன்னீர்கள். "விசரே? என்ர தம்பியைக் கீழ் வகுப்பில விடுறதோ? ஊரில சிரிப்பாங்கள்."

என்னோடு இருந்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் போனார்கள். எனக்கு வினாத்தாளில் பெயர் எழுதும் இடம்கூடத் தெரியாது. மார்ச்சில் எல்லாருக்கும் போல எனக்கும் அந்தத் தாளைத் தந்து, குனிந்து வணங்கி அனுப்பினார்கள். கட்டாயக் கல்வி அதோடு சரி. நடுநிலைப் பள்ளி இனி வைத்திருக்காது. தேர்வில் தேறாதவனை உயர்நிலைப் பள்ளி எடுக்காது. உங்கள் ஒற்றை அறையில் ஒரு வருஷம் கிடந்தேன். ஏப்ரல் காலைகளில் அதே பிள்ளைகள் புதுச் சீருடையோடு ஜன்னலுக்குக் கீழே சைக்கிளில் போவார்கள். திரையை இழுத்து மூடுவேன். மாலையில் வந்து, "டேய், இண்டைக்கு எத்தினை எழுத்துப் படிச்சனி?" என்பீர்கள்.

பிறகு லண்டனில் மாமாவிடம் அனுப்பினீர்கள். இங்கே படித்தேன், கணக்காளன் ஆனேன். ஆனாலும் இன்றும் எந்த அறைக்குள் போனாலும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன். நீங்களோ பின்னால் லண்டனுக்கே வந்து, மனோர் பார்க் கோவில் வாசலில் யாரைக் கண்டாலும், "இவனை ஜப்பானில படிப்பிச்சது நான்" என்பீர்கள். நான் பக்கத்தில் நின்று சிரிக்கவேண்டும்.

எட்டுச் செலவன்று உங்கள் மகள் தேநீர் கொண்டுவந்தாள். "சித்தப்பா, இவருக்கு ஜப்பானில வேலை. செப்டம்பரில போறம். இங்கத்தைய மாதிரிப் புது வகுப்புத் தொடங்கேக்க போனா மகளுக்கும் சுகம்தானே? அங்கத்தைய பள்ளிக்கூடத்திலயே விடப்போறம். எப்பிடி, நல்லதோ?"

நான் வாயைத் திறக்கமுன், "அவருக்கென்ன, நல்லாத்தானே படிச்சவர்," என்று அண்ணி முந்திக்கொண்டா. சாவீட்டில் அதற்கு மேல் என்ன சொல்ல ஏலும்?

உங்கள் பேத்திக்குப் பதினாலு வயது முடியப்போகிறது, அண்ணை. செப்டம்பரில் போனால் அதே மூன்றாம் ஆண்டு. நுழைவுத் தேர்வுக்கு அரை வருஷமும் இராது. ஒரு வகுப்புக் கீழே கேட்டு வாங்க மகளிடம் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொல்ல இப்போது வழியில்லை. உயிரோடு இருந்தாலும் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆகவே இது மலருக்குப் போகாது. உங்கள் மகளுக்குப் போகிறது.

கீழே "அன்புத் தம்பி" என்று எழுதப் பேனாவை வைத்தேன். வரவில்லை. பெயரைப் போட்டால், "செத்த மனிசனோடயும் கோபமோ?" என்று அண்ணி தொடங்குவா, பேச்சு என்னைப்பற்றி ஆகிவிடும், பிள்ளையின் வகுப்பை மறந்துவிடுவார்கள். யார் எழுதியது என்று உங்கள் மகளுக்கு எப்படியும் விளங்கும். விளங்கட்டும். உங்களுக்குத் தம்பி என்று இனி நான் கையெழுத்து வைக்கமாட்டேன். பெயரில்லாமலே தபாலில் போடுகிறேன்.