இரண்டாவது இரத்தம்

பேராதனை
23.03.2008

அன்பின் குமாரி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டித்தந்த ரொட்டி தலாத்துஓயா வருமுன்பே முடிந்துவிட்டது. வான் சாரதி பாதியைப் பறித்துக்கொண்டான்.

இரத்தம் கொடுக்கத் தோட்டத்து லய வீடுகளில் அத்தனை பேர் கையை நீட்டினார்களே, அது கம்பஸ் டொக்டர் எனக்காக இல்லை, தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற இராஜகுமாரி டீச்சருக்காக. ஹொஸ்டலில் ஒரே நுளம்புவலைக்குள் படுத்த காலத்திலிருந்து உன்னைக் கஷ்டப்படுத்துவதே என் வேலையாகப் போய்விட்டது.

கொக்கிப் புழு வருடக்கணக்காகக் குடலைக் கடித்து இரத்தம் குடிக்கிறதே, உடம்பு ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டாய். நான் தேடுவதும் அதைத்தான். எந்தப் புரதத்தை எப்போது செய்வது என்று நம் உயிரணுக்களுக்குள் உத்தரவுகள் ஓடிக்கொண்டிருக்கும். சிறு ஆர்.என்.ஏ. என்ற மிகச் சின்னத் துண்டுகள் அந்த உத்தரவுகளைப் பிடித்து நிறுத்திவிடும். புழுவும் அப்படியான துண்டுகளைச் செய்து நம் இரத்தத்தில் விட்டு, நம் காவலை அடக்கிவைக்கிறதோ என்பது என் சந்தேகம். நிச்சயமாகச் சொல்ல, அதே ஆட்களிடம் இரண்டு மாதம் கழித்து இன்னொரு தரம் இரத்தம் எடுக்க வேண்டும்.

அதனால்தான் பூச்சி மாத்திரைப் பெட்டியை உன்னிடம் விட்டு வந்தேன். மருந்து கொடுத்தால் புழு போய்விடும், நான் தேடுவதும் போய்விடும். மே மாதம் வந்து எடுத்த கையோடு கொடுத்துவிடலாம். அதுவரை உன் அலுமாரியில் இருக்கட்டும்.

உன்
ஞானம்


ஹேவாஹெட்ட
25.05.2008

அன்புள்ள ஞானம்,

மே முடியப்போகிறது, உன் வானைக் காணோம். "கம்பஸ் அம்மா எப்ப டீச்சர் வருவாங்க?" என்று கேட்டுக் கேட்டு என் தலையைத் தின்கிறார்கள். இரத்தம் கொடுத்ததற்கு மருந்து வரும் என்று நான்தானே சொன்னேன்.

என் தம்பி அழகரின் பெண்சாதி சிவமணி முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். ஐந்து வருடத்துக்குப் பிறகு தங்கியிருக்கிறது. அழகர் இப்போதே தொட்டிலுக்குக் கயிறு பார்க்கிறான். ஆனால் அவள் முகம் வெளுத்துக் கிடக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்க மலையில் ஏறினால் "மூச்சு வாங்குதுக்கா" என்று பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். மிட்வைஃப் நோனா பூச்சி மாத்திரை கொடுக்கப் பார்த்தார். கம்பஸுக்கு இரத்தம் கொடுத்தவள், அவர்களே மருந்து தருவார்கள் என்று நான் சொல்லி அனுப்பிவிட்டேன். சரிதானே?

போனில் கேட்கலாம் என்றால் நீ தமிழில் பேசவே பயப்படுகிறாய். சிவமணிக்கு மட்டுமாவது கொடுக்கட்டுமா? இரண்டு வரி எழுது, போதும்.

குமாரி


பேராதனை
15.06.2008

அன்பின் குமாரி,

கோபிக்காதே. மே மாதம் வான் கிடைக்கவில்லை. பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு இங்கே தமிழர் மூச்சு விடவும் பயமாக இருக்கிறது. போன கிழமை என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் ஒரு மணித்தியாலம் நிற்பாட்டிவைத்தார்கள். பொட்டு வைப்பதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் சிங்களப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த நிலையில் இரத்தக் குப்பிகளோடு உங்கள் றோட்டில் எப்படி வருவேன்?

முதல் இரத்தத்தில் ஏதோ தெரிகிறது, குமாரி. உண்மையாகவே தெரிகிறது. ஸ்கொட்லாந்திலிருந்து என் பேராசிரியர் கிழமைக்கு இரண்டு தரம் கேட்கிறார். சிவமணி விஷயம் சந்தோஷம். கர்ப்பிணி ஒருத்தியின் இரத்தம், அதுவும் முன்னும் பின்னும் கிடைப்பது மிக அருமை. இன்னும் இரண்டு கிழமை பொறு, கெதியாய் வந்துவிடுவேன். அதுவரை கீரை, கருவாடு நன்றாகச் சாப்பிடச் சொல்லு.

உன்
ஞானம்


ஹேவாஹெட்ட
08.07.2008

ஞானம்,

தேயிலை லொறி ட்ரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இன்றைக்கே உன் கைக்கு வந்துவிடும்.

நேற்றுக் காலை சிவமணி மலையில் மயங்கி விழுந்துவிட்டாள். உதிரம் போகிறது. உடம்பில் இரத்தமே இல்லை என்று டிஸ்பென்சரி ஐயா சொன்னார், தோட்டத்து வாகனத்தில் கண்டிக்கு அனுப்பினார்கள். அழகரிடம் அடையாள அட்டை இல்லை. சோதனைச் சாவடியில் அவனை இறக்கி வைத்துக்கொண்டார்கள், ராத்திரிதான் விட்டார்கள். அவள் தனியாகப் போயிருக்கிறாள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது.

இன்றைக்கு ஆமிக்காரர்கள் லயத்தைச் சுற்றிவளைத்துத் தேடுகிறார்கள். தேயிலை லொறியைத் தவிர எங்களில் ஒருத்தரையும் வெளியே விடமாட்டார்களாம். நீதான் கிட்ட இருக்கிறாய். உடனே போய்ப் பார். பக்கத்தில் நின்று, அவள் சொல்வதை அவர்களிடம் சொல்லு. வேறு ஒன்றும் வேண்டாம்.

மாத்திரையை எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

குமாரி


பேராதனை
13.07.2008

அன்பின் குமாரி,

கடிதம் கிடைத்ததும் பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். மற்ற நாள் எனக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. இதற்குள் நீ வந்திருப்பாய் என்று நம்புகிறேன். அவளுக்கு இப்போது எப்படி?

மாத்திரை கொடுத்தது பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாம், அவ்வளவுதான். போகட்டும். இங்கே இரவெல்லாம் மழை. குளிரூட்டி வேறு பழுதாகி இரண்டு நாளாக அதோடு மாரடிக்கிறேன்.

உன்
ஞானம்


ஹேவாஹெட்ட
20.07.2008

ஞானேஸ்வரி,

சிவமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை.

நான் போய்ச் சேர ஒன்பதாம் திகதி மத்தியானமாகிவிட்டது. அதற்கு முதல் நாள் பின்னேரம் வார்டில் ஒரு நர்ஸம்மா அவள் தலையைத் தடவி ஏதோ சொன்னாராம். இவளுக்கு விளங்கவில்லை. "எம்புள்ள இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அது அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. தமிழ் தெரிந்த யாராவது இருக்கிறீர்களா என்று அவர் சுற்றிவரக் கேட்டாராம். கட்டிலின் கால்மாட்டில் நீ நின்றாயாம். பொட்டில்லாமலும் சிவமணிக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. இரத்தம் எடுத்த அம்மா வந்துவிட்டார், இனிச் சொல்வார் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். நீ திரும்பிப் போய்விட்டாயாம்.

நர்ஸம்மா சொன்னதும் உனக்கு விளங்கியது, அவள் கேட்டதும் உனக்கு விளங்கியது. அந்த இடத்தில் இரண்டும் விளங்கியது உனக்கு ஒருத்திக்குத்தான். அதற்குப் பிறகு நான் வரும்வரை ஒரு இரவும் அரைப் பகலும் அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

அவள் உன்னைத் திட்டவில்லை. "பயந்துருப்பாங்கக்கா, பாவம். அவங்களும் தமிழாளுதானே" என்கிறாள். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை.

என்னையும் நான் விடவில்லை. மிட்வைஃபைத் திருப்பி அனுப்பியவள் நான். அலுமாரிச் சாவி என் சேலை முந்தானையில்தான் இருந்தது. படித்த சிநேகிதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். அழகர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு இப்போது லயத்துக்குப் பின்பக்கத்தால் சுற்றிப் போகிறேன், அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

இனி எனக்கு எழுதுவதென்றால் உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

இராஜகுமாரி


பேராதனை
03.08.2008

அன்பின் குமாரி,

இப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதோ தெரியாது.

வாசலில் என்னை ஒருவரும் திருப்பவில்லை. காய்ச்சலும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பொலிஸ்காரி தன் தாயைப் பார்க்க வந்து நின்றாள். நான் வாயைத் திறந்தால் அடையாள அட்டையைக் கேட்பாள் என்று பயந்தேன். ஆனால் அது பாதிதான். தமிழில் ஒரு சொல் சொன்னால் இவள் உனக்கு யார் என்று கேட்பார்கள், ஏன் இப்படி இரத்தமில்லாமல் போனாள் என்று கேட்பார்கள், மாத்திரைக் கதை வெளியே வரும். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. சிவமணி என்னைப் பார்த்தாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். அது தெரிந்துகொண்டே உனக்குப் பொய் எழுதினேன்.

மருந்தைப் பிந்திக் கொடு என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. முதல் இரத்தம் எடுத்த கையோடு கொடுப்பதாகச் சொல்லித்தான் ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கினேன். பெட்டியை உன்னிடம் பூட்டிவைக்கச் சொன்னது என் சொந்த யோசனை. பழி உன் தலையிலும் விழுந்திருக்கிறது என்று நினைக்க நினைக்கக் கூசிப்போகிறேன். அழகரிடம் இதை நானே சொல்கிறேன்.

இங்கே கம்பஸிலும் பேராசிரியரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலையை நிற்பாட்டியாகிவிட்டது. என்னை என்ன செய்வது என்று அவர்கள் தீர்மானிக்கட்டும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஊசியும் இல்லை, பெட்டியும் இல்லை. சிவமணியிடம் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய எல்லாமே புழுவில்தான் தொடங்குகிறது, குமாரி. எவ்வளவு அருமையான ஆராய்ச்சி, நாட்டு நிலைமை எப்படி என்று வளர்ந்துகொண்டே போகிறது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

அவள் என்னைக் கேட்டது ஒரு கேள்விதான். பதில் அவளுக்கு இப்போது தெரியும். ஆனாலும் நான் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை. "இல்லையம்மா, பிள்ளை இல்லை. என்னால்தான்." இதைத் தமிழில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் போகச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

ஞானேஸ்வரி