எனக்காக வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை பக்கத்து வீட்டில், பிறந்து சில நாளே ஆன பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் வந்ததும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். நம் மகள் பூவாயியைக் குளிப்பாட்டும் நாட்களில் நம் வீடும் இப்படித்தான் மணக்கும். கூடையைக் கவிழ்த்து, அவள் முடியை அதன்மேல் விரித்துப் புகை காட்டுவாய். அவள் தும்முவாள், நீ சிரிப்பாய். இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் புகைதான் காரணம்.

பூவாயி வயிற்றுப்போக்கில் போனபோது அவளுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஹல்துமுல்லைக்குக் கீழே, கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. மறுநாளே விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், யார் யாருக்கு எந்த வேலை என்று ஆள் பிரித்துவிட்டேன். வேலையில் தலையைக் கொடுத்துவிட்டால் மறந்துவிடலாம் என்று நினைத்தவன் நான். நீ மறக்க மறுத்தாய். "அது எங்க போயிருக்கும்?" என்று என்னைக் கேட்டாய். "மண்ணுக்குப் போச்சு, விடு" என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் நீ கேட்கவில்லை.

ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு வந்து போகும் வேதக்கோயில் உபதேசியாரிடம் கேட்டாய். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எம்புள்ள ஞானஸ்நானம் வாங்காமலே போச்சுங்க. அதை உங்க சாமி தள்ளிருவாரா?"

"நல்லது கெட்டது அறியாத புள்ளைம்மா. அதை ஆண்டவர் தள்ளுவார்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

"அப்ப, அறிஞ்ச என் கதி?"

"அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். உங்களுக்குப் பதிலா நானோ உங்க வீட்டுக்காரரோ சொல்ல முடியாது."

வேதத்தில் சேர்ந்தால் பிள்ளையைப் பார்க்கலாம் என்று அவர் ஆசை காட்டியிருந்தால் அன்றே அவரை விரட்டியிருப்பேன். அவர் காட்டவில்லை. நீயும் அவசரப்படவில்லை. கொழுந்து மலிந்து, குறைந்து, மறுபடி மலியும் வரை யோசித்தாய். பிறகு ஒருநாள் சோறு போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தாய்.

"நான் சேரப் போறேன். உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு உபதேசியாரு. நான் கேக்க வரல, சொல்ல வந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப நான் நரகத்துக்குப் போறவனா?"

"அதைத் தீர்மானிக்க நான் யாரு? நான் போற வழியை நீங்க தீர்மானிக்காதீங்க, அது போதும்."

உன் அண்ணன், பெரிய கங்காணி, குதித்தார். உன் சாவுக்குக்கூட வர மாட்டேன் என்று லயமே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் சில வாரம் உன்னோடு பேசவில்லை. நீ மாறவும் இல்லை, என்னிடம் முகம் திருப்பவும் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு என்னோடு வந்து, உள்ளே வராமல் மரத்தடியில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதைக் கண்ட பிறகு எனக்கு வீம்பு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயில் ரோடு வரை உன்னோடு நடந்து, நீ திரும்பும்வரை மதகில் உட்கார்ந்திருப்பேன். அப்படியே நம் காலம் நன்றாகத்தான் போனது.

பெரிய யுத்தம் முடிகிற சமயத்தில் வந்த காய்ச்சல் லயம் லயமாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. நீ படுத்தாய். உபதேசியார் பயப்படாமல் வந்தார். வெளியே என்னைத் தனியாக அழைத்து, "உங்களை நெனச்சுத்தான் அவங்களுக்குக் கலக்கம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே வந்து உன் கையைப் பிடித்தேன்.

"நானும் சேந்துக்கிறேன். நீ நிம்மதியா இரு."

நீ என்னையே பார்த்தாய். "எனக்காகச் சொல்றீங்களா?"

"ஆமா."

"அப்ப வேணாம்."

நான் அழுதுவிட்டேன். மூச்சு வாங்க வாங்க நீதான் என்னைத் தேற்றினாய். "உங்களுக்கே வேணும்னு தோணுறப்ப வாங்க. தோணலைன்னா விட்ருங்க. உங்களைப் பத்தி ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்." கடைசியில் சிரிக்கக்கூடப் பார்த்தாய். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாய்.

உன்னை எடுத்துப்போகும்போது காய்ச்சலுக்குப் பயந்து தூக்க ஆள் சேரவில்லை. யாரோ வேகமாக ஏறி வந்து பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தார்கள். உன் அண்ணன். வேதக்காரர் இடுகாடு வரை சுமந்தார். உபதேசியார் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது, "அவ பிடிச்ச பிடியை விடல, மாப்பிள்ளை" என்றார். அதில் கோபம் இல்லை.

நீ போன பிறகு நான் சேர்ந்துவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் சேரவில்லை. உன்மேல் உள்ள ஏக்கத்தை விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உபதேசியாரோடு மட்டும் வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சலிக்காமல் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

வருஷங்கள் போயின. ஒருநாள் மலைச்சரிவில் மண் சரிந்து தேயிலைச் செடி வெட்டும் முனியாண்டி என்ற கவ்வாத்துக்காரன் இறந்தான். அவன் பெண்சாதி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் குந்தி, "அழாத தாயி. அவன் இல்லாமப் போயிடல" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஆறுதலுக்குச் சொன்ன பொய்யா என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். இல்லை. எப்போது நம்பத் தொடங்கினேன் என்று தெரியாது. ஆனால் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரமே உபதேசியாரிடம் போனேன். கிழவராகிவிட்டார். "வீட்டம்மாவுக்காகவா?" என்று கேட்டார்.

"அவளுக்காக வர்றதை அவளே வேணாம்னுட்டா. எனக்காக வந்திருக்கேன்."

அவர் என் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வேதத்தைக் கேள்விப்படாமலே போன என் அப்பா, அம்மா பற்றி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன் அண்ணனை வா என்று இதுவரை அழைத்ததில்லை. அவர் ஏதாவது கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் கற்றது அது.

போன வாரம் உபதேசியாரிடம் ஒன்று கேட்டேன்: "அங்க மோட்சத்துல பிள்ளைங்க வளருமா?" அவர் சிரித்து, தெரியாது என்றார். வளர்ந்திருந்தால் பூவாயியை எனக்கு அடையாளம் தெரியாது, கிழவனாகிவிட்ட என்னை அவளுக்கும் தெரியாது. நான் வரும்போது நீதான் சொல்ல வேண்டும், இவர்தான் உன் அப்பா என்று. கொஞ்சம் தாமதமாக வந்தார் என்று சொல். யாரும் இழுக்காமல் தானாக நடந்து வந்தார் என்றும் சொல்.