அதிர்ச்சியில் இறந்தவர்கள்

ஜூலை 7, செவ்வாய்

காற்று. குற்றாலத்தில் சாரலாம், ராதாபுரத்துக்குப் புழுதி மட்டும். தலைவர் சென்னை ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள். டிவியில் விடாமல் அவர் படங்கள். லாரி டிரைவராக நடித்தார், டிரைவர்கள் ஓட்டு. மீனவனாக நடித்தார், உவரி வரை ஓட்டு. பிறகு கட்சி. பிறகு கோட்டை. கல் உடைப்பவனாக நடித்தாரா, நினைவில்லை.

அப்பா முப்பது வருட ரசிகர். தலைவருக்காக விரதம் என்று வெறும் வயிற்றோடு கல் உடைக்கக் குவாரிக்குப் போனார். கத்தினேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாதுலே" என்றார்.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு பீடி நூல். ரீசார்ஜ். வேலை விண்ணப்பத்துக்கு போட்டோ.

ஜூலை 8, புதன்

அப்பா இறந்துவிட்டார்.

மதியம் இரண்டரை. குவாரியில் பாறை சரிந்து கல் நெஞ்சில் விழுந்தது. வெளியே ரத்தம் அதிகம் இல்லை. கூட வேலை செய்யும் சுடலை மாமா டிப்பரில் ஏற்றிக் கிளம்பினார். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பதில் வீட்டுக்கு.

திங்கட்கிழமையே வேலையாட்கள் முதலாளியிடம் பாறையில் விரிசலைக் காட்டியிருக்கிறார்கள். குவாரி முதலாளிதான் கட்சியின் ஒன்றியச் செயலாளர், ஊர் வாயில் ஒ.செ. தலைவருக்கு ஏதாவது ஆனால் ஒரு வாரம் வேலை நின்றுவிடும், அதற்குள் லோடை எடுங்கள் என்றாராம் ஒ.செ.

ஐந்தேகாலுக்கு டிவியில் தலைவர் மரணம். பத்து நிமிடத்தில் கடையடைப்பு. பஸ் இல்லை. அத்தை பத்தமடையில் மாட்டிக்கொண்டாள். மாலை வாங்கக் கடை இல்லை. தெருவெல்லாம் அழுகை. எங்களுக்கானது அல்ல.

ஜூலை 9, வியாழன்

காலை ஆறு மணிக்கு ஒ.செ. பெரிய மாலையோடு வந்தார். அப்பாமேல் கட்சிக் கொடி போர்த்தினார். அம்மா தடுக்கவில்லை.

என்னைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். சென்னையில் பட்டியல் கேட்கிறார்களாம், தலைவர் செய்தி கேட்டு அதிர்ச்சியில் இறந்தவர்கள் பட்டியல். குடும்பத்துக்கு நிதி உண்டு. அம்மாவுக்குச் சத்துணவில் வேலை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதித் தருவார். இறந்த நேரம் மட்டும் ஐந்தேகாலுக்குப் பிறகு இருக்க வேண்டும்.

இரண்டரைக்குச் செத்தவர் ஐந்தேகால் செய்திக்கு எப்படி அதிர்ச்சி அடைவார் என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிடுதேன் தம்பி. நீ கையெழுத்த மட்டும் போடு."

போலீசுக்குப் போவேன் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "போயேன். ஸ்டேசன்ல எவன் இருக்கான்? எல்லாவனும் பந்தோபஸ்துக்குல்லா போயிருக்கான்."

சாட்சி சொல்வீர்களா என்று சுடலை மாமாவிடம் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடை கட்டுகிறவர்கள் பக்கம் போனார். அடுத்த வாரமும் அவர் அதே குவாரிக்குத்தான் போக வேண்டும்.

அம்மா சொன்னது: "கேசு போட்டா நீ பத்து வருசம் கோர்ட்டுக்கு நடப்ப. நான் பீடி சுத்தியே சாவணுமா?" பிறகு, பைய: "அந்தச் செய்தியக் கேட்டிருந்தாலும் ஒங்கப்பா செத்துத்தாம்ல போயிருப்பாரு."

ஒ.செ. நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இறந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. 5.40 என்று நானே எழுதினேன். பதினோரு மணிக்கு எரித்தோம்.

ஜூலை 12, ஞாயிறு

கட்சிப் பத்திரிகையில் பட்டியல். மூன்றாவது வரிசையில் அப்பா, ஆதார் கார்டு முகம். மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவர்களை உண்மையில் எது கொன்றது? கரண்டு, பூச்சிமருந்து, கவனிக்காத காய்ச்சல். யாருக்குத் தெரியும். யார் கேட்கப்போகிறார்கள்.

ரீசார்ஜ் முடிந்துவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

நெல்லையில் இரங்கல் கூட்டம். மேடையில் ஒன்பது குடும்பங்கள். நிதிக் கவரை வாங்கிக்கொண்டு இறங்கப் போனேன். ஒ.செ. மைக்கைக் கையில் கொடுத்து, அப்பா எப்படி இறந்தார் என்று நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்.

சொன்னேன். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுத் தட்டு. செய்தி வந்தது. ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் தட்டைத் தள்ளி வைத்தார். தலைவா என்று ஒரே தடவை கூப்பிட்டார். சுவரில் சாய்ந்தார்.

யாரும் எழுதித் தரவில்லை. பருக்கை என்றதும் முன்வரிசைப் பெண்கள் விசும்பினார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன். அம்மாவும் அழுதாள்.

இறங்கியதும் ஒ.செ. என் தோளில் கை போட்டார். "ஏலே, நல்லா பேசுதியே! சனிக்கிழம உவரியில கூட்டம். அங்கனயும் வந்து இதையே பேசிரு."

வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன்.