அணைத்த அடுப்புகள்

அங்காரா
பிப்ரவரி 20, 2025

அன்புள்ள நவ்வாஃப்,

நேற்று போனில் உன் குரல் கேட்டது. "துர்ரியா, கேக்குதா?" என்றாய். கேட்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் காற்று இரைந்தது, அதோடு போய்விட்டது. உங்கள் ஊர் டவரை இனி நம்புவதாக இல்லை. உர்ஃபாவிலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி உங்கள் பக்கம் வருகிறாரே சப்ரி அண்ணன், அவரிடம் கொடுக்கச் சொல்லி உர்ஃபாவில் இருக்கும் அம்மாவுக்கு இதை அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

பதினைந்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. வீடு நிற்கிறதா, அக்கா எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனாய். பார்த்து முடியவில்லையா? அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவன்தானே? வாடகைக்காரனாவே காலி பண்ணிட்டுப் போயிட்டான்" என்கிறாள். சொல்லிவிட்டு உனக்குக் கம்பளிக் காலுறை பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நல்ல செய்தி. இன்று தஹ்சின் ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார். "போர் முடிஞ்சிருச்சு. பக்கத்து நாட்டுல வேலை செய்ய நம்ம கம்பெனிக்கு மேலிடம் சரின்னு சொல்லியிருக்கு. உங்க ஊர்க்காரர் வேலை பார்த்த எண்ணெய் வயலும் பட்டியல்ல இருக்கு. நீங்க மண்ணு படிச்சவங்க, அரபியும் தாய்மொழி. முதல் குழுவோட போறீங்களா?" என்றார். உங்க ஊர்க்காரர் என்று அவர் சொன்னது உன்னைத்தான்! எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

யோசித்துப் பார், நவ்வாஃப். கம்பெனி அங்கே முகாம் போட்டால் எனக்கு அங்கேயே வேலை. நீ உன் மண்ணை விடவேண்டாம், நான் என் வேலையை விடவேண்டாம். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கத்தில் எனக்காக நீ இருந்தாய். இனி அந்தப் பக்கத்தில் உனக்காக நான் இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
துர்ரியா

*

தல் ஹம்ரா
மார்ச் 14, 2025

என் துர்ரியாவுக்கு,

நோன்பு துறக்கிற நேரத்தில் சப்ரி அண்ணன் லாரியை நிறுத்தினார். "உன் பொண்டாட்டி எழுதியிருக்கு. படிச்சுட்டுச் சாப்பிடு, இல்ல சாப்பிட்டுட்டுப் படி. எனக்கு முதல்ல தண்ணி குடு" என்றார். நான் படித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அம்மாவிடம் காலுறை அளவாக இருக்கிறது என்று சொல். உண்மையில் பெரிது. சொல்லாதே.

கவ்லா அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். நம் வீட்டில் இரண்டு அறைகளுக்குச் சுவர் எழுப்பிவிட்டேன். கூரைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

ஊரைப் பற்றி என்ன எழுதுவது? ஆடுகளைப் பார்த்தால் கறுப்பு ஆடு என்றே நினைப்பாய். வெள்ளை ஆடுகள்தாம். நான் போருக்கு முன்னால் வேலை பார்த்த வயலில் ஒரு பம்புக்கும் தலை இல்லை. உடைந்த கிணற்று வாயில் கசியும் எண்ணெயைச் சுமந்து வந்து, இரும்புத் தொட்டியில் ஊற்றி, கீழே தீ மூட்டிக் காய்ச்சி டீசல் எடுக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் அடுப்பு. அதை விற்றுத்தான் ரொட்டி. அந்தப் புகையில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அக்காவின் சின்னவள் இருமும்போது முதுகெலும்பு எண்ணலாம் போல் தெரிகிறது.

நீ வரப்போவதை அத்தானிடம் சொன்னேன். இத்ரீஸை உனக்கு நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்குப் போனில் பாட்டுப் பாடி உன்னை அழவைத்தவர். கையெல்லாம் தார், பல் மட்டும் வெள்ளை. "மச்சான், உன் பொண்டாட்டி கம்பெனி வந்தா இந்த எழவெடுத்த அடுப்ப நான்தான் முதல்ல உதைச்சுத் தள்ளுவேன். நிஜமா வர்றாங்களான்னு மட்டும் கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதுகிறேன். நிஜமா?

உன்
நவ்வாஃப்

*

அங்காரா
ஏப்ரல் 29, 2025

அன்புள்ள நவ்வாஃப்,

முதல் குழுவோடு வந்து உன்னைப் பார்த்தேன், பார்த்ததுபோலவே இல்லை. நீ கூட்டத்தில் நின்றாய், நான் ஹெல்மெட்டும் குண்டு துளைக்காத சட்டையும் மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மெலிந்துவிட்டாய். கார் கிளம்பும்போது கையைப் பிடித்தாயே, அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் அங்காரா வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

அந்தக் கூரையில்லாத பள்ளிக்கூடம் கண்ணிலேயே நிற்கிறது. தஹ்சின் ஐயா துருக்கியில் சொல்லச் சொல்ல நான் அரபியில் சொன்னேன். கோடைக்குள் அளவெடுக்கும் குழு வரும், அதற்குப் பின் துளையிடும் இயந்திரம் வரும், உள்ளூர் ஆட்களுக்கே முதலில் வேலை, ஆனால் வயலைச் சுற்றித் தீ இருந்தால் குழு கால் வைக்காது, ஆகவே அடுப்புகளை அணைக்கவேண்டும் என்று. அப்புறம் ஹாஜ்ஜி ஷலாஷ் எழுந்தாரே, உங்கள் ஊர்த் தலைவர்! "பெரிய மனுஷங்க நிறைய பேரு வந்து பேசிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு அவங்க பேச்சு வேணாம். நீ யாரும்மா? நம்ம நவ்வாஃப் பொண்டாட்டிதானே? நம்ம வீட்டு மருமக. நீ சொல்லு. அணைக்கலாமா?"

நான் தஹ்சின் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். "அணைக்கலாம் மாமா" என்றேன்.

மாமா என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. தானாக வந்தது. உங்கள் ஊருக்கு நான் மருமகளாக வந்து சேர்ந்தது அந்த நிமிடம்தான்.

உன்
துர்ரியா

*

தல் ஹம்ரா
ஜூலை 8, 2025

என் துர்ரியாவுக்கு,

அடுப்புகள் அணைந்துவிட்டன. சொன்னபடி இத்ரீஸ் அத்தான்தான் முதலில் அணைத்தார். உதைத்துத் தள்ளவில்லை, மண்ணை வாரிப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தார். ஒரு வாரத்தில் ஊரே அணைத்துவிட்டது.

அக்கா வெள்ளைத் துணி துவைத்து வெளியே காயப்போட்டாள். சாயங்காலம் எடுத்தபோதும் வெள்ளையாகவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னவள் இரவில் இருமாமல் தூங்குகிறாள். "அவளுக்கு நான் ஒரு பட்டுத் துணி எடுத்து வைக்கணும்" என்று உன்னைப் பற்றிச் சொல்கிறாள்.

ஆனால் மற்றதையும் எழுதவேண்டும். காய்ச்சாவிட்டால் விற்க ஒன்றும் இல்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போகின்றன. மழை பெய்யாததால் கோதுமை முழங்கால் உயரம்கூட வரவில்லை. உங்கள் குழு நடக்க வழி வேண்டும் என்று ஆண்கள் தாங்களாகவே பாதையில் கிடந்த இரும்பை எல்லாம் அகற்றினார்கள். கண்ணிவெடி இருக்கும், வேண்டாம் என்று நான் கத்தினேன். "மருமக வர்ற வழிடா" என்று சிரித்தார்கள்.

அத்தான் தினமும் சாயங்காலம் ரோட்டோரம் போய் நின்றுவிட்டு வருகிறார். "அங்காராவுலேர்ந்து கிளம்பிட்டாங்களா மச்சான்?" கேலியாகக் கேட்க ஆரம்பித்தார். இப்போது கேலி போய்விட்டது.

எப்போது வருகிறார்கள்? தேதி வேண்டாம். மாதம் சொன்னால் போதும்.

உன்
நவ்வாஃப்

*

அங்காரா
செப்டம்பர் 17, 2025

நவ்வாஃப்,

ஜூலையில் ஒன்றும் அதற்குப் பின் ஒன்றுமாக நீ எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்துக்கே பதில் எழுதாதது சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால்தான். இன்றும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

குழு இந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் வருமா என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறிக் கேட்டேன். பாதுகாப்பு அனுமதி என்கிறார்கள், காப்பீடு என்கிறார்கள். உங்கள் அரசாங்கம் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பதாகவும் பேச்சு. கடைசியில் தஹ்சின் ஐயாவிடமே போனேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாம கையெழுத்துப் போட்டது பாக்குறதுக்கும்மா. தோண்டுறதுக்கு இல்ல."

"அப்போ அடுப்பை எதுக்கு ஐயா அணைக்கச் சொன்னோம்?"

"பாக்க வர்றதா இருந்துச்சே, அதுக்கு."

அவர் கெட்டவர் இல்லை, நவ்வாஃப். அன்று கூரையில்லாத பள்ளியில் தலையசைத்தபோது அவரும் நம்பித்தான் அசைத்தார்.

ஊராரிடம் நீ சொல்லிவிடு. மூட்டுகிறவர்கள் மூட்டட்டும். எனக்கு அதை எழுதவே கை வரவில்லை.

உன் குடியிருப்பு அட்டை வருஷக் கடைசி வரை செல்லும். வந்துவிடு. அக்காவையும் பிள்ளைகளையும் உர்ஃபாவுக்கு அழைத்துவர என்ன வழி என்று விசாரிக்கிறேன். கீழ் வீடு காலியாகத்தான் இருக்கிறது. அம்மா அதை யாருக்கும் விடவில்லை.

உன்
துர்ரியா

*

தல் ஹம்ரா
நவம்பர் 2, 2025

துர்ரியா,

இத்ரீஸ் அத்தான் இறந்துவிட்டார்.

உன் கடிதம் வந்த அன்றே ஹாஜ்ஜி ஷலாஷ் வீட்டில் எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போடுவார்கள் என்று நினைத்தேன். எழுந்து போனார்கள். மறுநாள் ஆளுக்கொரு மண்வெட்டியோடு தங்கள் அடுப்புகளைத் தோண்டி எடுத்தார்கள்.

நாலு மாதமாகக் கிடந்ததில் அத்தானின் தொட்டியிலும் குழாயிலும் தார் இறுகிப் போயிருந்தது. சுரண்டித்தான் எடுத்தார். முழுவதும் வரவில்லை போலிருக்கிறது. நான் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது தொட்டி பிளந்து கிடந்தது. ஒரு வண்டியைப் பிடித்து நகரத்துக்குக் கிளம்பினோம். என் மடியில் தலை வைத்திருந்தார். வலி தெரியவில்லை என்றார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "மச்சான், டீசல் வந்துதா?" என்று கேட்டார். வந்தது என்றேன். ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. துக்க நாள் நாற்பது கழியட்டும் என்று காத்திருந்தவள்தான், நேற்று உன் பெயரை நான் எடுத்தபோது சொன்னாள்: "அவ பேர என் வாசல்ல சொல்லாத." நாற்பது நாள் இன்னும் ஆகவில்லை. அவளால் காத்திருக்க முடியவில்லை.

நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்குச் சொன்னதைத்தான் எங்களுக்குச் சொன்னாய். இதை இங்கே யாரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

இப்போது அத்தானின் இடத்தில் நான் நிற்கிறேன். புதுத் தொட்டி ஒன்று ஹாஜ்ஜி கொடுத்தார். பிள்ளைகள் மூவருக்கும் நான்தான். அக்கா எல்லை தாண்ட மாட்டாள். அவரைப் புதைத்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். அவளை விட்டுவிட்டு உன்னிடம் வந்தால் நான் மனுஷன் இல்லை. உன்னை இங்கே கூட்டி வந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எனக்கு அது வேண்டாம். உனக்கு இன்னும் வயதிருக்கிறது. நீ என்ன முடிவெடுத்தாலும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

இங்கே வராதே.

நவ்வாஃப்

*

அங்காரா
பிப்ரவரி 11, 2026

அன்புள்ள நவ்வாஃப்,

டிசம்பரில் எழுதினேன், ஜனவரியில் எழுதினேன். நீ கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "பதில் இல்லண்ணே" என்றாயாம். சப்ரி அண்ணன் சொன்னார். சின்னவள் மறுபடி இருமுகிறாள் என்றும் சொன்னார். உன் தாடி நரைத்துவிட்டதா என்று கேட்டேன். "எங்கேம்மா தெரியுது, எல்லாம் கறுப்பாத்தானே இருக்கு" என்றார்.

இதற்கும் பதில் வேண்டாம். ஆனால் படித்துவிடு. இது நமக்காக எழுதுவது இல்லை.

போன வாரம் மறுபடி கையெழுத்தாகியிருக்கிறது. வேறொரு நாட்டுக் கம்பெனியும் கூட்டாம். பட்டியலில் உங்கள் வயல் இருக்கிறது. தஹ்சின் ஐயா என்னைக் கூப்பிட்டு, "நீங்க பேசினா அந்த ஜனங்க கேப்பாங்க" என்றார்.

"கேட்டாங்க ஐயா. அதுதான் ஆச்சு" என்றேன்.

அவர், வேறு யாருக்கு அரபி தெரியும் என்று கேட்டார்.

மெலிஹா என்று ஒரு பெண், மார்தினிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் போகிறாள். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்க குளிர் எப்படி அக்கா? ஜனங்க நல்லவங்களா?" என்று கேட்டாள். நல்லவர்கள் என்றேன். என்ன பேசவேண்டும் என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். நான் பேசிய அதே வாக்கியங்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாள். கேட்டு முடித்து, "இந்தத் தடவை அப்படி ஆகாது அக்கா, கூட்டாளி இருக்காங்களே" என்றாள்.

அவளும் பொய் சொல்கிறவள் இல்லை. என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் என்ன ஆகும்? அந்த நாற்காலியில் மெலிஹா உட்காருவாள். அவ்வளவுதான். அம்மா கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் அவர்கள் அங்கே இருப்பார்கள். ஹாஜ்ஜி ஷலாஷிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், நீயாகச் சொல்வதுபோலச் சொல். அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். உட்காரவைத்து ஒரு டீ கொடுங்கள், அவள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பை மட்டும் அணைக்காதீர்கள்.

துர்ரியா